மார்பளவு

சங்கப் பாடல்களில் ஆணின் மார்புக்கு 'அகலம்' என்றொரு பெயர் உண்டு. அளவே அங்கே பெயராகிவிட்டது. மாலை சூடவும், சந்தனம் பூசவும், தலைவி தலை சாய்க்கவும், போரில் புண் ஏற்கவும் உரிய பரந்த வெளி அது. பெண்ணின் மார்புக்கோ முலை, கொங்கை, நகில், தனம் எனச் சொற்கள் வேறு. இந்த இரு சொற்குடும்பங்களுக்கும் நடுவே ஓர் உடல் நின்றால் அதை என்னவென்று அழைப்பது? வழக்கில் நிலைத்த தமிழ்ச்சொல் ஒன்றும் இல்லை. மருத்துவ நூல்கள் 'ஆண்மார்பகப் பெருக்கம்' என்கின்றன. மருத்துவரும் நோயாளியும் 'கைனகோமாஸ்டியா' என்கிறார்கள். பள்ளி மைதானத்தில் வழங்கும் சொற்களை இங்கே எழுத வேண்டியதில்லை. ஆண் வாசகர்கள் அவற்றை மறந்திருக்க மாட்டார்கள்.

பெண், மார்பு என்னும் இரு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து அந்தப் பெயரை உண்டாக்கியவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர் காலன். ஆணின் மார்பில் கொழுப்பு மிகுவது என்றே அவர் இதைக் கருதினார். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின், ஏழாம் நூற்றாண்டில், ஏகினாத் தீவைச் சேர்ந்த பால் என்ற பைசாந்திய மருத்துவர் தம் அறுவை நூலில் இதற்கென ஒரு சிறு அத்தியாயம் ஒதுக்கினார். அவர் சொல்வது வியப்பளிக்கிறது. பருவம் எய்தும்போது ஆண் பெண் இருபாலருக்கும் மார்பு சற்று வீங்கும், பெரும்பாலான ஆண்களுக்கு அது தானே வடிந்துவிடும், சிலருக்கு மட்டும் வளர்ந்துகொண்டே போகும் என்கிறார். இன்றைய பாடநூல் சொல்வதும் ஏறத்தாழ இதுதான். மார்பின் கீழே பிறை வடிவில் கீறி, உள்ளிருப்பதை எடுத்துவிட்டுத் தைக்கச் சொல்கிறார். மார்பு மிகப் பெரிதாகித் தொங்கினால், முனைகள் கூடும்படி இரண்டு பிறைகளாகக் கீறி, நடுவிலுள்ள தோலையும் சேர்த்து எடுக்க வேண்டும். பத்தாம் நூற்றாண்டு முடியும் காலத்தில் குர்துபாவில் வாழ்ந்த அல் சஹ்ராவியும் தம் பெருநூலில் இதையொத்த முறையைக் கூறுகிறார்.

மயக்க மருந்து இல்லாத காலம் அது. சீழைப் பற்றியும் குருதிப்பெருக்கைப் பற்றியும் அன்றைய மருத்துவர்களுக்கு அச்சம் இருந்தது. அப்படியிருந்தும் உயிருக்குத் தீங்கு செய்யாத ஒன்றை அறுக்கச் சொல்ல பால் காட்டும் காரணம் ஒன்றே: இது பெண்தன்மை என்ற பழியைச் சுமத்துகிறது. நோவு, காய்ச்சல், மரணம் எதையும் அவர் காரணமாகக் கூறவில்லை. மருத்துவ வரலாற்றில் வெட்கத்துக்காகவே கத்தி எடுக்கப்பட்ட மிகப் பழைய இடங்களுள் ஒன்று இது என நமக்குத் தோன்றுகிறது. அன்று தொடங்கி இந்த உடல்நிலையின் சரித்திரம், திசுவின் சரித்திரமாக இருப்பதைக் காட்டிலும் பார்வையின் சரித்திரமாகவே இருந்து வந்திருக்கிறது.

பார்வை என்றதும் எகிப்திய மன்னன் அக்கெநாத்தன் நினைவுக்கு வருகிறான். அவனுடைய சிற்பங்களில் ததும்பும் மார்பையும் இடுப்பையும் கண்ட மருத்துவர்கள், அந்தக் குடும்பத்துக்கே பரம்பரையாக இந்நிலை இருந்திருக்க வேண்டும் என்று பல்லாண்டுகள் கட்டுரை எழுதினார்கள். 2010-இல் துட்டன்காமுன் குடும்பத்து மம்மிகளை ஆராய்ந்து வெளியிட்டவர்கள் அதற்கு ஆதாரம் காணவில்லை. அது அக்காலக் கலைப்பாணி என்றே முடிவு செய்தார்கள். சிற்பியின் விருப்பத்தை மருத்துவர் நோயாக வாசித்துவிட்டார்!

நம்மூர்ச் சிற்பத்தில் இந்தக் குழப்பம் இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்து மாதொருபாகனின் மார்பு ஒருபுறம் சமதளம், மறுபுறம் திரட்சி. திருச்செங்கோட்டில் மூலவரே அப்படித்தான். ஆண் உடலில் ஒரு பெண் மார்பு இருப்பதை வணங்கத்தக்க நிலையாகக் கண்டது நம் மரபு. ஆனால் அந்த மரபு குளத்தங்கரையில் குளிக்கும் பதினான்கு வயதுப் பையனுக்கு ஒருநாளும் உதவியதாகத் தெரியவில்லை. கருவறைத் தத்துவத்துக்கும் தெருவின் நடப்புக்கும் இடையே உள்ள தூரம் நமக்குப் புதிதல்ல.

உடலுக்குள் நடப்பதைச் சுருங்கச் சொல்லிவிடலாம். ஆண் உடலிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு. அதன் பெரும்பகுதி, அரோமடேஸ் என்ற நொதியால் டெஸ்டோஸ்டிரோனிலிருந்தே உருவாகிறது. கொழுப்புத் திசுவில் இந்த நொதி மிகுதி. இரண்டு ஹார்மோன்களுக்கும் இடையிலான தராசு சற்றே சாய்ந்தால் முலைக்காம்பின் பின்னால் திசு திரளும். மூன்று வயதுகளில் இது இயல்பாகவே நிகழ்கிறது. முதலாவது, பிறந்த குழந்தையிடம். தாயின் ஹார்மோனால் சிசுவின் மார்பு வீங்கிச் சில நாள் பால் போன்ற நீர் கசிவதுண்டு. அதைப் பிதுக்கிவிட வேண்டும் என்று பாட்டிமார் நம்பினார்கள், இன்றும் நம்புகிறார்கள். பிதுக்கினால் சீழ்க்கட்டி வரும் என்று குழந்தை மருத்துவர்கள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது விடலைப் பருவம். ஏறத்தாழ பாதிப் பையன்களுக்கேனும் இது வந்து, பெரும்பாலும் இரண்டாண்டுகளுக்குள் மறைகிறது. மூன்றாவது முதுமை. இவை தவிர, வெறும் கொழுப்பினால் மார்பு பெருத்துத் தோன்றுவதும் உண்டு. அது வேறு. காம்பின் அடியில் தட்டுப்போல் உறுதியான திசு விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்று மருத்துவர் அழுத்திப் பார்ப்பது இந்த வேறுபாட்டை அறியத்தான்.

இயல்பாக வருவதும் போவதும் வரலாற்றில் பதிவாவதில்லை. பிற நோய்களின் நிழலாக வந்தபோதுதான் இது தமிழ்நாட்டின் மருத்துவ வரலாற்றில் இடம் பெறுகிறது. அந்த நோய்களுள் முதலில் சொல்ல வேண்டியது தொழுநோய்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்கள் இன்று திருவள்ளூர் மாவட்டத்தையும் பெருநகர எல்லையையும் சார்ந்தவை. ஆனால் 1997 வரை இவை செங்கல்பட்டு மாவட்டத்தின் பழைய பரப்பில் அடங்கியவை. அந்தச் செங்கல்பட்டும் அதையொட்டிய வட ஆற்காடும் நாட்டிலேயே தொழுநோய் மிகுந்த பகுதிகளாக இருந்தன. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1920-களில் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் தோன்றியது. ராபர்ட் காக்ரேன் அங்கே பணியாற்றினார். மரவட்டை எண்ணெய் ஊசிதான் அன்று கதி. 1940-களின் பிற்பகுதியில் டாப்சோன் என்ற சல்ஃபோன் மருந்தைத் தொழுநோயாளிகளிடம் பயன்படுத்திய முன்னோடிகளுள் காக்ரேனும் ஒருவர். 1955-இல் அந்த இல்லம் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. அதே ஆண்டையொட்டி வேலூருக்கு அருகே கரிகிரியிலும், செங்கல்பட்டு மாவட்டத்துப் பொலம்பாக்கத்திலும் தொழுநோய் மையங்கள் எழுந்தன.

தொழுநோய்க் கிருமிக்கு உடலின் குளிர்ந்த இடங்களே பிடிக்கும். மூக்கு, காதுமடல், புருவம், கைகால் நரம்புகளின் தோலோரப் பகுதி ஆகியவை அத்தகைய இடங்கள். விரைகளும் உடலின் மைய வெப்பத்துக்குப் புறத்தே தொங்குபவை. எனவே கிருமி மலிந்த வகைத் தொழுநோயில், லெப்ரோமேட்டஸ் என்று அதைக் குறிப்பார்கள், விரைகள் மெல்ல மெல்ல நைந்து சுருங்குகின்றன. டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது, தராசு சாய்கிறது, மார்பு திரள்கிறது. மீசை மெலிகிறது. மலடும் சேர்ந்துகொள்வதுண்டு. இத்தனையும் ஆண்டுக்கணக்கில் நடப்பது. வலிக்காமல் நடப்பதால் நோயாளி மருத்துவரிடம் சொல்லாமலே இருந்துவிடவும் கூடும்.

டாப்சோன் கிருமியை ஒடுக்கியது. 1980-களில் வந்த கூட்டுமருந்து அதை முற்றாகவே அழித்தது. ஆனால் மருந்து, உடலில் ஏற்கனவே எழுதப்பட்டதை அழிப்பதில்லை. பால் பிராண்ட் 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து கண்டது இதுதான். நோய் நின்றுவிட்ட மனிதனை ஊர் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. மடங்கிய விரல், இடிந்த மூக்கு, உதிர்ந்த புருவம் ஆகியவற்றைக் கண்ட மாத்திரத்தில் டீக்கடை பெஞ்சில் இடம் காலியானது. தசைநாரை மாற்றித் தைத்து விரலை நிமிர்த்தினார். மூக்கை உள்ளிருந்து தாங்கி எழுப்பும் முறையும், தலைமுடியோடு தோலை எடுத்துப் புருவத்தில் நடும் முறையும் அவரைச் சூழ்ந்து வளர்ந்தன. தொழுநோய் அறுவைச் சிகிச்சையில் ஆண்மார்பை நீக்குவதும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. கையை நிமிர்த்தினால் மண்வெட்டி பிடிக்கலாம். மார்பை நீக்கினால் எந்த வேலையும் எளிதாகிவிடாது. ஆனால் வயலில் சட்டையின்றி நிற்கும் உழவன், கோயிலில் மேல்துண்டை இடுப்பில் கட்ட வேண்டிய பக்தன், கிணற்றடியில் குளிக்கும் கூலியாள் ஆகியோருக்கு அது நோயின் கடைசி முகவரி. அந்த முகவரியை அழித்தால்தான் ஊர் திரும்ப முடியும்.

இங்கே நாம் சற்று நிற்கலாம். ஏழாம் நூற்றாண்டின் பால், 'பெண்தன்மை' என்ற பழியை நீக்கக் கத்தி எடுத்தார். இருபதாம் நூற்றாண்டின் வேலூரிலும் கரிகிரியிலும் நீக்க வேண்டியிருந்த பழி இரட்டிப்பாக இருந்தது. பெண் போன்றவன் என்பது ஒன்று, தொழுநோயாளி என்பது மற்றொன்று. எது பெரிது என்று அந்த மனிதர்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ! தொழுநோய் பற்றி நம் மொழியில் எழுதப்பட்ட கதைகள் கையையும் முகத்தையும் காட்டின. சட்டையைக் கழற்றிப் பார்த்தவை அரிது.

அறுவை முறையிலும் அப்போது ஒரு மாற்றம் வந்திருந்தது. 1946-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜெரோம் வெப்ஸ்டர், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்திலேயே அரைவட்டமாகக் கீறித் திசுவை எடுக்கும் முறையை விவரித்தார். தழும்பு இருநிறத் தோலின் எல்லையில் மறைந்துவிடும். பாலின் பிறைக்கீறல் மார்பின் அடியில் நிலைத்த தடத்தை விட்டுச்சென்றது. வெப்ஸ்டரின் கீறல் அந்தத் தடத்தையும் ஒளித்தது. வெட்கத்துக்கான அறுவையில் தழும்பும் வெட்கமாகிவிடக் கூடாதல்லவா? இன்றளவும் அறுவை மேடைகளில் பெரிதும் வழங்குவது இந்தக் கீறலே.

அதே ஆண்டுகளில் இன்னொரு விசித்திரமும் பதிவாயிற்று. ஜப்பானியச் சிறைமுகாம்களில் பட்டினி கிடந்து எலும்பாகிப்போன அமெரிக்கப் போர்க்கைதிகள் விடுதலையாகி வயிறார உண்ணத் தொடங்கியபோது பலருக்கு மார்பு வீங்கியது. 1947-இல் மருத்துவ இதழ்கள் இதை எழுதின. நெடும்பட்டினியில் உடல் இனப்பெருக்க ஹார்மோன்களையே நிறுத்திவைக்கிறது. சோறு திரும்பியதும் அவை மீண்டும் பொங்கி எழுகின்றன. முப்பது வயதுச் சிப்பாய்க்கு இரண்டாவது முறையாகப் பூப்பு வருகிறது என்று கொள்ளலாம். மாதங்கள் சிலவற்றில் அது தானே வடிந்தது. உடல் பிழைத்து எழுவதன் அடையாளமே அவமானம் போலக் காட்சியளித்த தருணம் அது.

சென்னைக்கு வருவோம். 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, சானடோரியத்தில் படுக்கவைத்தவர்களும் குடிசையிலேயே மாத்திரை விழுங்கியவர்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே குணமாகிறார்கள் என்று 1959-இல் அந்த மையம் காட்டியது. உலகமே காசநோய் சானடோரியங்களை மூட அது வழிவகுத்தது. அங்கே வழங்கிய ஐசோநயசிட் மாத்திரைக்கு அரிதான பக்கவிளைவுகளுள் ஒன்று, ஆண்மார்பகப் பெருக்கம். பிறகு எச்.ஐ.வி. வந்தது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டுமருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது தாம்பரம் சானடோரியம் முதல் மையங்களுள் ஒன்று. அந்தக் கூட்டில் பலருக்குத் தரப்பட்ட எஃபாவிரென்ஸ் என்ற மருந்தும் மார்பைப் பெருக்கவல்லது. இன்று அதன் இடத்தை டோலுடெக்ராவிர் பெருமளவு பிடித்துவிட்டது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில், உயிர்காக்கும் மாத்திரையை இந்தக் காரணத்துக்காக ஒருவன் ரகசியமாக நிறுத்திவிடும் அபாயம் இருந்தது. வீட்டில் சொல்ல முடியாத நோய்க்கு, வீட்டார் கண்ணில் படும் ஓர் அடையாளம்!

இன்று நம் அரசு மருத்துவமனைகளில் இந்நிலையை மிக எளிதாகக் காணக்கூடிய இடம் ஈரல் நோய் வார்டு. ஈரல் கெட்டால் ஈஸ்ட்ரோஜன் கழிவது தடைப்படும். குடி, விரைகளையும் நேரடியாகத் தாக்கும். வயிற்றில் கோத்த நீரை வடிக்கத் தரப்படும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை இதை மேலும் கூட்டும். பானைவயிறும் குச்சிக்கைகளும் மெல்லத் திரண்ட மார்புமாகப் படுத்திருக்கும் மனிதனைப் பார்த்தால், ஆண்மையின் அடையாளமாக விற்கப்படும் ஒரு பானம் ஆண் உடலை என்ன செய்கிறது என்பது விளங்கும். 2003 முதல் அதைச் சில்லறையில் விற்பது அரசின் டாஸ்மாக் நிறுவனம் என்பதையும் சொல்லிவைப்போம்.

நோயில்லாத பையன்களின் கதை வேறு திசையில் போகிறது. தியாகராஜ பாகவதரின் காலத்தில் நாயகனின் மார்பு மென்மையாகவும் சற்றுத் தளர்வாகவும் இருந்ததை யாரும் குறையாகக் கொள்ளவில்லை. அவர் பாடினார், அது போதுமாயிருந்தது. 2008-இல் 'வாரணம் ஆயிரம்' வந்தபோது சூர்யாவின் செதுக்கிய வயிறும் மார்பும் படத்தின் கதைக்கு நிகராகப் பேசப்பட்டன. அதையொட்டிய ஆண்டுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றிய தெருக்கள் முதல் ஆவடிச் சந்தைச் சாலை வரை, மாடிகளிலெல்லாம் ஜிம்கள் முளைத்தன. அங்கே சிலர் விழுங்கும், ஊசியில் ஏற்றும் ஸ்டீராய்டுகள் உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறி, எதை விரட்ட வந்தார்களோ அதையே கொண்டுவந்து சேர்ப்பதும் உண்டு. கண்ணாடி முன்னால் நிற்கும் இளைஞனுக்கு இப்போது இரண்டு அளவுகோல்கள்: ஒன்று திரையில், மற்றொன்று கைபேசியில்.

மூன்றாவது அளவுகோல் ஆவடியில் இருக்கிறது. அது நிஜமாகவே ஓர் அளவுநாடா. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ராணுவ முகாமாக வளர்ந்த ஊர் அது. 1955-இல் காங்கிரஸ் மாநாடு கூடிச் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானித்ததும் அங்கேதான். 1960-களில் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கிகள் புறப்பட்டன. விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் மையம், தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் அணிகள், 2022 முதல் தனிக் காவல் ஆணையரகம் எனச் சீருடைகளாலான நகரம் இது. சுற்றுவட்டாரத்தில் பிளஸ் டூ முடித்த பையனுக்குச் சீருடை என்பது நிலையான சம்பளம், ஓய்வூதியக் கனவு, தங்கையின் கல்யாணம். தமிழ்நாடு காவலர் தேர்வில் ஆணின் மார்பளவு 81 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், மூச்சை இழுத்து விரித்தால் 86. சங்கக் கவிஞரின் 'அகலம்' இங்கே எண்ணாக மாறிவிட்டது. அளக்க வேண்டுமானால் சட்டை கழல வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும்.

எட்டாம் வகுப்பிலிருந்து இறுக்கமான பனியன்மேல் பனியன் போட்டவன், எப்போதும் தோளை முன்னே குறுக்கி நடந்தவன், நீச்சலுக்கு வராதவன், சட்டையைக் கழற்ற வேண்டிய திருச்செந்தூர்ப் பயணத்தைக் காய்ச்சல் என்று சொல்லித் தவிர்த்தவன், அன்று முதன்முறையாக வெயிலில் வெற்றுடம்போடு நிற்கிறான். மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கும் ராணுவத்துக்குமான மருத்துவத் தேர்வில் இந்நிலை தகுதியின்மைக்கான காரணங்களுள் ஒன்றாகவே எழுதப்படுகிறது. ஓடவும் சுடவும் தடையில்லாத ஒன்றுக்கு ஏன் இந்த விலக்கு என்று கேட்கலாம். அடியில் வேறு நோய் இருக்கக்கூடும் என்பது மருத்துவர்கள் தரும் விளக்கம். அதில் நியாயம் உண்டு. ஆனால் சோதித்துப் பார்த்து வேறு நோயில்லை என்றான பின்னும் விலக்கினால், அங்கே பேசுவது ஏகினாத் தீவின் பால்தான் என்று நாம் கருதுகிறோம். அறுவை செய்துகொண்டு மேல்முறையீட்டு மருத்துவத் தேர்வுக்கு வருகிறார்கள் பலர். உயர் நீதிமன்றங்கள் வரை சென்ற வழக்குகளும் உண்டு.

சிகிச்சை பற்றித் தெளிவாகவே சொல்லிவிடலாம். விடலைப் பருவத்தில் வந்தது என்றால் இரண்டு மூன்றாண்டுகள் காத்திருப்பதே முதல் மருந்து. இதைப் பையனிடம் யாராவது சொல்ல வேண்டும் என்பதுதான் சிக்கல். வேறு மருந்தால் வந்ததென்றால் மருத்துவரைக் கேட்டு மாற்றலாம், தானாக நிறுத்தக் கூடாது. புதிதாய் வந்து வலிக்கும் திசுவை டமாக்ஸிஃபென் சுருக்கக்கூடும். ஓராண்டு கடந்து நார்த்திசுவாக இறுகிய பின் மாத்திரை பெரும்பாலும் பயன்தராது, அறுவைதான். 1970-களின் இறுதியில் பிரான்சில் உருவான கொழுப்பு உறிஞ்சும் முறையும் வெப்ஸ்டரின் கீறலும் இன்று ஒன்றாகச் செய்யப்படுகின்றன. விரைகள் சிறுத்து, உயரம் மிகுந்து, மீசை அரும்பாத இளைஞனுக்கு எக்ஸ் எக்ஸ் ஒய் என்ற கூடுதல் குரோமோசோம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1942-இல் ஹாரி கிளைன்ஃபெல்டர் இத்தகைய ஒன்பது ஆண்களைப் பற்றி எழுதினார், காரணம் 1959-இல் தெரியவந்தது. ஒரு பக்கம் மட்டும், காம்பின் நடுவிலிருந்து விலகி, கல்போல் இறுகிய கட்டி என்றாலோ, காம்பில் இரத்தம் கசிந்தாலோ தாமதிக்கலாகாது. மார்பகப் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு ஒருவர் ஆண். வெட்கத்தால் தாமதித்து வருவதால்தான் அவர்களுள் பலருக்கு நோய் முற்றியிருக்கிறது.

பொது மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுகளில் இந்த அறுவை நடக்கிறது. அதே பிரிவுகளுக்கு, எதை இவர்கள் நீக்கக் கேட்கிறார்களோ அதையே வேண்டித் திருநங்கையரும் வருகிறார்கள். இரு வரிசைகளும் ஒரே தாழ்வாரத்து பெஞ்சில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழைப்புக்காகக் காத்திருக்கின்றன.